ஆயமும் இற்செறிப்பும்: வாசர் கல்லூரி மாணவியர் மரபுகளும் இருபாலர் கல்வி மாற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பொக்கிப்சி நகரில் அமைந்துள்ள வாசர் கல்லூரி 1865இல் பெண்களுக்கெனத் திறக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1969இல், அது இருபாலர் கல்லூரியாக மாறியது. இம்மாற்றம் மாணவர் வாழ்வையும் விழாக்களையும் வழக்காறுகளையும் எவ்வாறு பாதித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ் அக இலக்கிய மரபில் வழங்கும் ஆயம், இற்செறிப்பு என்னும் இரு கருத்தாக்கங்கள் ஆய்வுக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. பெண்கள் கல்லூரி என்பது மகளிர் தம்முள் கூடி வளரும் ஆயமாகவும் மகளிரைக் காவலில் வைக்கும் இற்செறிப்பாகவும் ஒருங்கே இருந்தது. இருபாலர் கல்வி இற்செறிப்பை முற்றாக நீக்கியபோது ஆயத்தின் பயன்களையும் தானே தொடரும் நிலையிலிருந்து போராடிக் காக்கும் நிலைக்கு மாற்றியது என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச் சொற்கள்: வாசர் கல்லூரி, பெண்கல்வி, மாணவர் வழக்காறு, கடப்புச் சடங்கு, ஆயம், இற்செறிப்பு, மரபுத் திரிபு.

முன்னுரை

பெண்கல்வி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நிறுவனம் தொடங்கப்பெற்ற ஆண்டு, பட்டம் பெற்ற முதல் பெண், பாடத்திட்டம் ஆகியவற்றை முதன்மைப்படுத்துவர். மாணவியர் பாடிய பாட்டும், நட்ட மரமும், அணிந்த உடையும், அடித்த மணியும் அவ்வரலாற்றில் ஓரத்துச் செய்திகளாக நின்றுவிடுகின்றன. நாட்டார் வழக்காற்றியல் வளர்ந்துள்ள இன்றைய நிலையில் இவற்றை அவ்வாறு ஒதுக்குவது பொருந்தாது. ஒரு குழுவினர் தம்மை யாரென எண்ணினர் என்பதைச் சட்டதிட்டங்களைவிட அவர்தம் வழக்காறுகளே தெளிவாகக் காட்டும்.

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் பெண்களுக்கெனத் தோன்றிய மவுண்ட் ஹோலியோக், வாசர், வெல்லெஸ்லி, ஸ்மித், ராட்கிளிஃப், பிரின் மார், பர்னார்டு ஆகிய ஏழு கல்லூரிகளும் 'ஏழு சகோதரியர்' என வழங்கப்பெறுகின்றன. இவற்றுள் ராட்கிளிஃப் 1999இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துடன் முழுமையாக இணைந்தது. ஐந்து கல்லூரிகள் இன்றும் மகளிர் கல்லூரிகளாகவே நீடிக்கின்றன. தன் பெயரும் இடமும் தன்னாட்சியும் மாறாமல் ஆண்களைச் சேர்த்துக்கொண்டது வாசர் ஒன்றே. ஆதலின் மரபு மாற்றத்தை ஆராய அது பொருத்தமான களமாகிறது. இக்கல்லூரிக் குடும்பத்துக்கும் தமிழகத்துக்கும் தொடர்பும் உண்டு. 1915இல் தொடங்கப்பெற்ற சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரி, மவுண்ட் ஹோலியோக் கல்லூரியைத் தன் சகோதரிக் கல்லூரியாகக் கொண்டிருந்தது.

ஆய்வு அணுகுமுறை

ஆர்னால்ட் வான் ஜெனப் 1909இல் முன்வைத்த கடப்புச் சடங்குக் கோட்பாடு, ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குச் செல்வோர் பிரிதல், இடைநிலை, இணைதல் என்னும் மூன்று கட்டங்களைக் கடப்பதாகக் கூறும். விக்டர் டர்னர் இவற்றுள் இடைநிலையை விரிவாக ஆராய்ந்து, அந்நிலையில் இருப்போரிடையே உயர்வு தாழ்வு மறைந்து ஒருவகைக் கூட்டுணர்வு தோன்றுவதாக விளக்கினார். வீட்டை விட்டு வந்து, பட்டம் பெற்று உலகிற்குள் செல்லும் வரையிலான கல்லூரிப் பருவம் இத்தகைய இடைநிலையே ஆகும்.

இக்கோட்பாட்டோடு தமிழ் அக மரபின் இரு கருத்தாக்கங்களும் இங்கு இணைத்துக்கொள்ளப்படுகின்றன. ஆயம் என்பது தலைவியோடு ஓரையாடியும் புனலாடியும் தழையும் மாலையும் தொடுத்தும் திரியும் மகளிர் கூட்டம். இற்செறிப்பு என்பது பருவமெய்திய தலைவியை வெளியே செல்லவிடாது இல்லத்துள் காத்தல். அக இலக்கியத்தில் இவை முன்பின்னாக அமைகின்றன; இற்செறிப்புத் தொடங்கும்போது ஆயத்தோடு திரிந்த வாழ்வு சுருங்கிவிடும். 19ஆம் நூற்றாண்டுப் பெண்கள் கல்லூரியிலோ இவ்விரண்டும் ஒரே இடத்தில், ஒரே காலத்தில், ஒரே கூரையின்கீழ் நிகழ்ந்தன. இவ்வொப்புமை கருத்துநிலை அளவிலானது. இரு சமூகங்களுக்கும் இடையே வரலாற்று உறவு இருப்பதாக இக்கட்டுரை கருதவில்லை.

பெயரும் கட்டடமும்

கல்லூரியை நிறுவிய மேத்யூ வாசர் இங்கிலாந்தில் 1792 ஏப்ரல் 29இல் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறியவர். பொக்கிப்சியில் பீர் வடிக்கும் தொழிலால் செல்வம் ஈட்டினார். பெண்களுக்குப் பள்ளி நடத்திய அவருடைய உறவினரான லிடியா பூத், பெண்கல்வியின் பக்கம் அவர் கருத்தைத் திருப்பினார். 1861 பிப்ரவரியில் தம் நன்கொடைக்கான பத்திரங்களை ஒரு தகரப் பெட்டியில் வைத்து அறங்காவலரிடம் ஒப்படைத்தார். உள்நாட்டுப் போர் முடிந்த ஆண்டான 1865இன் செப்டம்பரில் 353 மாணவியருடன் கல்லூரி திறக்கப்பட்டது.

தொடக்கத்தில் அதன் பெயர் 'வாசர் பெண்பாற் கல்லூரி' என்னும் பொருள்பட அமைந்திருந்தது. பெண்பால் என்பதைக் குறிக்க அப்பெயரில் ஆளப்பட்ட ஆங்கிலச் சொல் விலங்குக்கும் மனிதர்க்கும் பொதுவானது. ஆதலின் கல்லூரிப் பெயருக்கு அது தகாது எனப் பெண்கள் இதழொன்றின் ஆசிரியரான சாரா ஜோசஃபா ஹேல் தொடர்ந்து வலியுறுத்தினார். 1867இல் அச்சொல் நீக்கப்பட்டது. கட்டட முகப்பிலிருந்தும் அச்சொல் பெயர்த்தெடுக்கப்பட்டது. பெண்மை குறித்த சொல்லைப் பெயரிலிருந்து முதலில் அகற்றியது ஆண்களின் வருகை அன்று, பெண்ணொருத்தியின் கோரிக்கையே. வாசரின் மரபு தொடக்கம் முதலே மாறாத ஒன்றாக இருந்ததில்லை என்பதற்கு இதுவே முதற்சான்று.

ஜேம்ஸ் ரென்விக் வடிவமைத்த முதன்மைக் கட்டடம் உறைவிடம், வகுப்பறை, வழிபாட்டுக்கூடம், நூலகம், ஆசிரியர் குடியிருப்பு அனைத்தையும் ஒரே கூரையின்கீழ் அடக்கியது. மழையிலும் பனியிலும் மாணவியர் உள்ளேயே நடைபயிலத்தக்க அகன்ற நடைவழிகள் அமைக்கப்பட்டன. இவ்வமைப்பு இருவகையில் பொருள்படும். வெளியே செல்லாமலே வாழத்தக்க இடம் என்ற வகையில் அது இற்செறிப்பு. நூற்றுக்கணக்கான இளம்பெண்கள் இரவும் பகலும் ஒருவரோடொருவர் பேசிப் பழகத்தக்க இடம் என்ற வகையில் அது ஆயம்.

காவலும் கல்வியும்

தொடக்கக் காலத்தில் துயிலெழுதல் முதல் விளக்கணைத்தல் வரை மாணவியர் வாழ்வு மணியோசைக்குக் கட்டுப்பட்டிருந்தது. வழிபாட்டில் கலந்துகொள்வதும் உடற்பயிற்சி செய்வதும் கட்டாயம். மாணவியரின் நடத்தையை மேற்பார்வையிடப் பெண் மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். அப்பொறுப்பில் முதலில் அமர்ந்த ஹானா லைமன் கண்டிப்புக்குப் பெயர்பெற்றவர். உயர்கல்வி பெண்ணின் உடல்நலத்தையும் ஒழுக்கத்தையும் கெடுக்கும் என்ற அக்காலக் கருத்துக்கு மறுமொழியாக இக்கட்டுப்பாடுகள் அமைந்தன. பெற்றோர் தம் மகளை நம்பி அனுப்ப வேண்டுமாயின் கல்லூரி வீட்டைக் காட்டிலும் காவல் மிக்கதாகத் தோன்ற வேண்டியிருந்தது.

அக்காவலுக்குள்ளேயே அதனைக் கடக்கும் வழிகளும் உருவாயின. முதல் ஆசிரியர்களுள் ஒருவரான மரியா மிட்செல் 1847இல் வால்மீன் ஒன்றைக் கண்டறிந்து புகழ்பெற்ற வானியலாளர். இரவு நேரக் கட்டுப்பாடு நிலவிய கல்லூரியில் அவர்தம் மாணவியர்க்கு இரவே பாடவேளையாயிற்று. 1878இல் கதிரவ மறைப்பைக் காண அவர் தம் மாணவியரை டென்வர் நகருக்கு அழைத்துச் சென்றார். இளைய ஆண் பேராசிரியரைவிடத் தமக்குக் குறைந்த ஊதியம் தரப்படுவதை அறிந்து அதனை எதிர்த்தார். வானாய்வகத்தின் குவிமாடத்தின்கீழ் ஆண்டுதோறும் அவர் நடத்திய விருந்தில், ஒருவரையொருவர் குறித்துப் புனைந்த பாக்கள் படிக்கப்பட்டன. கடும் அறிவுப் பயிற்சியும் விளையாட்டும் இணைந்த இக்கூடுகை ஆயத்தின் இயல்பை நன்கு காட்டுகிறது.

அக இலக்கியத்து ஆயத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடும் கருதத்தக்கது. அங்கு ஆயம் மணவாழ்வுக்கு முந்தைய பருவத்தைச் சார்ந்தது. தலைவி அதனைப் பிரிந்தே செல்கிறாள். இங்கு ஆயம் தொழில்வாழ்வுக்கும் பொதுவாழ்வுக்கும் ஆயத்தப்படுத்தும் இடமாயிற்று. வேதியியலறிஞர் எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் (1870), மானிடவியலறிஞர் ரூத் பெனடிக்ட் (1909), கணினியறிஞர் கிரேஸ் ஹாப்பர் (1928), கவிஞர் எலிசபெத் பிஷப் (1934) ஆகியோர் இங்குப் பட்டம் பெற்றவர்களே.

மாணவியர் மரபுகளின் வகைமை

வாசர் மரபுகளை அவை குறிக்கும் பொருளின் அடிப்படையில் நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, பருவம் சார்ந்த மரபுகள். நிறுவுநர் நாள் 1866 முதல் கொண்டாடப்பட்டு வருகிறது. மேத்யூ வாசரின் பிறந்தநாளையொட்டி மாணவியர் அவரை வரவேற்று நடத்திய விழாவே இதன் தொடக்கம். ஒவ்வொரு வகுப்பும் தனக்கென மரம் தேர்ந்து நடுவதும், இலையுதிர்காலத் தொடக்கத்தில் புதிய மாணவியர் இறுதியாண்டினரின் விடுதிமுன் நின்று பாடுவதும், கல்வியாண்டின் இறுதியில் இறுதியாண்டினர் முதன்மைக் கட்டடத்தின் மேலேறி மணியடிப்பதும் இவ்வகையின. வருகை, வளர்ச்சி, விடைபெறல் என்னும் கடப்பினை இவை குறிக்கின்றன.

இரண்டாவது, தோற்றம் சார்ந்த மரபுகள். இவற்றுள் புகழ்பெற்றது டெய்சி மலர்ச்சரம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய இவ்வழக்கப்படி, இரண்டாம் ஆண்டு மாணவியருள் தெரிவு செய்யப்பட்டோர் வெண்ணிற ஆடை அணிந்து, டெய்சி மலராலும் இலையாலும் தொடுத்த நீண்ட சரத்தைத் தோளில் ஏந்தி, பட்டம் பெறும் இறுதியாண்டினர்க்கு வழியமைப்பர். முற்காலத்தில் மாணவியர் வயல்வெளிக்குச் சென்று தாமே மலர் கொய்தனர். இன்று அச்சரம் ஏறத்தாழ 150 அடி நீளமுடையது. செய்தித்தாள்கள் இதனை ஓர் அழகுப் போட்டிபோலவே ஒளிப்படங்களுடன் வெளியிட்டன.

மூன்றாவது, காவல் சார்ந்த வழக்கங்கள். கட்டாய வழிபாடு, விடுதிக்குத் திரும்பும் நேரக் கட்டுப்பாடு, ஆண் விருந்தினரை வரவேற்பறையில் மட்டும் சந்திக்கும் விதி ஆகியன இவற்றுள் அடங்கும்.

நான்காவது, தன்னாட்சி சார்ந்த மரபுகள். கல்லூரியோடு உடன்தோன்றிய ஃபிலலேத்தீஸ் என்னும் இலக்கிய, நாடக மன்றம், 19ஆம் நூற்றாண்டிலேயே அமைந்த மாணவியர் சங்கம், மாணவியர் இதழ், 1866இலேயே உருவான பேஸ்பால் குழுக்கள், 1895இல் நடந்த மகளிர் தடகளப் போட்டி ஆகியன இவ்வகையின. இவற்றில் தலைவரும் செயலரும் இதழாசிரியரும் அணித்தலைவரும் நாடகத்தின் அரசனும் வீரனும் பெண்களே. ஒரு பதவிக்குப் பெண் தகுதியுடையவளா என்ற வினா அங்கு எழவே வாய்ப்பில்லை. எந்தப் பெண் தகுதியுடையவள் என்பதே வினாவாக இருந்தது.

ஆயத்தின் எல்லைகள்

பழைய பெண்கள் கல்லூரியைக் குறையற்ற பொற்காலமாகக் காட்டுவது ஆய்வு நேர்மைக்கு ஒவ்வாது. 1908இல் கல்லூரித் தலைவர் ஜேம்ஸ் மன்ரோ டெய்லர் வளாகத்தில் பெண் வாக்குரிமைக் கூட்டம் நடத்துவதைத் தடை செய்தார். இனெஸ் மில்ஹாலண்ட் என்னும் மாணவி வளாகத்தை ஒட்டிய இடுகாட்டில் அக்கூட்டத்தைக் கூட்டினார். கல்லூரியின் பழைய மாணவியான ஹாரியட் ஸ்டாண்டன் பிளாட்ச், எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன், தொழிற்சங்கத் தலைவர் ரோஸ் ஷ்னைடர்மன் ஆகியோர் அங்கு உரையாற்றினர். பெண்களுக்கெனவே அமைந்த நிறுவனத்தில் பெண்ணுரிமை பேச இடமின்றி, இறந்தோர் உறையும் நிலத்தை நாட வேண்டியிருந்தது என்பது இற்செறிப்பின் வலிமையைப் புலப்படுத்துகிறது.

நிற வேறுபாடு மற்றோர் எல்லை. 1897இல் பட்டம் பெற்ற அனிதா ஹெமிங்ஸ் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண். அவ்வுண்மையை மறைத்தே அவர் கல்லூரியில் பயில முடிந்தது. பட்டம் பெறும் தறுவாயில் உண்மை வெளிப்பட்டுச் செய்தித்தாள்களில் பரபரப்பாகப் பேசப்பட்டது. கறுப்பின மாணவியரை அறிந்தே சேர்த்துக்கொள்ளும் நிலை 1940இல்தான் ஏற்பட்டது. ஆயம் என்பது யாரை உள்ளடக்கியது என்ற வினா, ஆண்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அங்கு இருந்துவந்தது.

திருப்புமுனை: 1966 - 1970

1960களில் இளம்பெண்கள் பலர் இருபாலர் கல்லூரிகளை விரும்பத் தொடங்கினர். வார இறுதிகளில் மாணவியர் ஆண்கள் கல்லூரி நகரங்களுக்குச் செல்வது வழக்கமாகியிருந்தது. 1966 டிசம்பரில் வாசரும் யேல் பல்கலைக்கழகமும் இணைவது குறித்த கூட்டாய்வு அறிவிக்கப்பட்டது. இணைப்பு நிகழ்ந்தால் வாசர் பொக்கிப்சியை விட்டு யேல் அமைந்துள்ள நியூ ஹேவன் நகருக்கு இடம்பெயர வேண்டும். பழைய மாணவியர் பலர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1967 நவம்பரில் வாசரின் அறங்காவலர் குழு யேலின் அழைப்பை ஏற்க மறுத்தது. அடுத்த ஆண்டே ஆண்களைச் சேர்ப்பதென முடிவாயிற்று. 1969இல் ஆண் மாணவர் வளாகத்துக்கு வந்தனர். 1970இல் முதலாண்டு வகுப்பில் சேர்ந்தனர். யேல் கல்லூரியும் 1969இல் பெண்களை இளநிலை மாணவராகச் சேர்த்தது.

இம்முடிவில் ஒரு நுட்பம் உண்டு. இணைந்திருப்பின் பெண்கள் ஆண்களின் நிறுவனத்துக்குள் சென்றிருப்பர். மறுத்ததால் ஆண்கள் பெண்களின் நிறுவனத்துக்குள் வந்தனர். யார் யாருடைய மரபுக்குள் நுழைகின்றனர் என்பது வழக்காற்றியல் நோக்கில் முதன்மையான வேறுபாடு. விருந்தினராக நுழைவோர் இருக்கும் மரபைக் கற்றுக்கொள்வர். வீட்டை விட்டுச் செல்வோர் தம் மரபை வாயிலில் வைத்துவிட்டுச் செல்ல நேரும்.

அதே 1969இன் அக்டோபர் இறுதியில் கறுப்பின மாணவியர் 34 பேர் முதன்மைக் கட்டடத்தின் ஒரு பகுதியை மூன்று நாள் கைப்பற்றி, கறுப்பினவியல் கல்விக்கு நிலையான இடம் உள்ளிட்ட கோரிக்கைகளை முன்வைத்தனர். ஆண்கள் வந்த ஆண்டாக மட்டுமே 1969ஐ நினைவுகூர்வது முழுமையாகாது. மாணவியருள்ளேயே சிலர் உரிமைகோரி எழுந்த ஆண்டும் அதுவே. காவலுக்கெனக் கட்டப்பட்ட அக்கட்டடம் பெண்களின் அரசியல் செயற்களமாக மாறியது.

தொடர்ந்தவை, திரிந்தவை, மறைந்தவை

முற்கூறிய நால்வகை மரபுகளும் ஒரே வகையான மாற்றத்துக்கு உள்ளாகவில்லை.

பருவம் சார்ந்த மரபுகள் பெரிதும் தொடர்ந்தன. மணியடிக்கும் கை ஆணுடையதா பெண்ணுடையதா என்பதால் விடைபெறலின் பொருள் மாறுவதில்லை. நிறுவுநர் நாள் சொற்பொழிவும் ஆடலும் கொண்ட விழாவாக இருந்த நிலை மாறி, இசையும் கேளிக்கையும் நிறைந்த வசந்தகாலத் திருவிழாவாயிற்று. புதியோர் மூத்தோர்முன் பாடும் வழக்கம் ஒரு காலத்தில் நீரும் உணவுப்பொருளும் வீசும் குறும்பாகத் திரிந்து, பின்னர்க் கட்டுப்படுத்தப்பட்டது. வகுப்புகள் நட்ட மரங்கள் இன்றும் வளாகத்தில் நிழல் தருகின்றன. பொருள் பொதுவாக இருந்தமையால் இம்மரபுகளுக்கு ஆட்களின் மாற்றம் தடையாகவில்லை.

தோற்றம் சார்ந்த மரபு பொருள் மாறித் தொடர்ந்தது. டெய்சி மலர்ச்சரம் இன்றும் பட்டமளிப்பு நாட்களில் ஏந்தப்படுகிறது. ஆனால் தெரிவுக்கான அளவுகோல் அழகிலிருந்து தலைமைப் பண்புக்கும் வகுப்பின்பாலுள்ள ஈடுபாட்டுக்கும் மாறியது. சரமும் வெண்மையும் எஞ்சின. அவை குறித்த பொருள் வேறாயிற்று. சொல் நிற்கப் பொருள் திரிவது மொழியில் நிகழ்வதுபோல, வடிவம் நிற்கப் பொருள் திரிவது சடங்கிலும் நிகழ்கிறது. காலத்தால் வரும் இத்தகைய மாற்றத்தை வழுவாகக் கொள்ளாத நன்னூலாரின் மொழிநோக்கு இங்கும் பொருந்துவதாகும்.

காவல் சார்ந்த வழக்கங்கள் மறைந்தன. கட்டாய வழிபாடு 1920களிலேயே நீங்கியது. நேரக் கட்டுப்பாடும் ஆண் விருந்தினர் விதிகளும் 1960களின் இறுதியில் தளர்ந்து ஒழிந்தன. இவை மாணவியரின் நெடுநாள் கோரிக்கையால் ஏற்கனவே தேய்ந்து வந்தவை. இருபாலர் கல்வி அத்தேய்வை நிறைவு செய்தது. ஆண் விருந்தினரைக் கண்காணிக்கப் பயன்பட்ட வரவேற்பறைப் பண்பாட்டின் எச்சமாக, முதன்மைக் கட்டடத்தின் ரோஸ் பார்லர் என்னும் கூடத்தில் பிற்பகல் தேநீர் அருந்தும் வழக்கம் எஞ்சியுள்ளது. காவல் நீங்கியபின் அதன் களம் இளைப்பாறும் இடமாயிற்று.

தன்னாட்சி சார்ந்த மரபுகளின் நிலையே சிக்கலானது. ஃபிலலேத்தீஸ் மன்றமும் மாணவர் சங்கமும் மாணவர் இதழும் இன்றும் இயங்குகின்றன. விளையாட்டு அணிகள் நிறுவுநரின் தொழிலை நினைவூட்டும் வகையில் 'பீர் வடிப்போர்' என்னும் பொருளுடைய பெயரைத் தாங்குகின்றன. பெயர்ப்பட்டியலை மட்டும் நோக்கினால் எதுவும் இழக்கப்படவில்லை எனத் தோன்றும். எனினும் அம்மரபுகள் முன்பு செய்த பணி பெயரில் இல்லை. எல்லாப் பதவியும் பெண்ணுக்கே உரியது என்ற சூழலில் இருந்தது. அச்சூழல் மாறியபின், முன்பு இயல்பாகக் கிடைத்ததைப் பெண் போட்டியிட்டுப் பெற வேண்டியவளானாள். நாடகத்தில் வீரனாக நடிக்க இப்போது ஆண் இருந்தான். இந்த இழப்பை எந்த நாட்காட்டியும் காட்டாது. ஏனெனில் எந்த விழாவும் அதனால் நின்றுவிடவில்லை.

இதனை உணர்ந்தே சில ஏற்பாடுகள் செய்யப்பட்டன எனக் கருத இடமுண்டு. ஸ்ட்ராங் விடுதி, ஆண்கள் வந்தபின்னரும் பல்லாண்டுகள் பெண்களுக்கே உரியதாக நீடித்தது. அதில் வாழ்வது கட்டாயமன்று, விருப்பம். இற்செறிப்பு இல்லாத ஆயம் என்று அதனைக் கூறலாம். முன்பு பிறரால் அடைக்கப்பட்ட இடம் இப்போது தாமே தெரிந்துகொண்ட இடமாயிற்று.

தலைமையில் ஒரு முரண்

மாற்றத்தை இழப்பாக மட்டும் மதிப்பிடுவதற்குத் தடையாக நிற்கும் சான்று ஒன்று உண்டு. 1865க்கும் 1969க்கும் இடையே, மாணவர் அனைவரும் பெண்களாக இருந்த காலத்தில், கல்லூரித் தலைவராகப் பணியாற்றிய பெண் சாரா கிப்சன் பிளாண்டிங் (1946 - 1964) ஒருவரே. ஆண்கள் சேர்ந்த பின்னர், 1977 முதல், முறையாக நியமிக்கப்பட்ட தலைவர்களான வர்ஜீனியா ஸ்மித், ஃபிரான்சஸ் ஃபெர்குசன், கேத்தரின் ஹில், எலிசபெத் பிராட்லி ஆகிய நால்வரும் பெண்களே. மாணவர் தொகையிலும் பெண்களே இன்றளவும் மிகுதி.

பெண்களே பயின்ற காலத்தில் மேலே ஆண் தலைமையும் கீழே பெண் தன்னாட்சியும் இருந்தன. இருபாலர் பயிலும் காலத்தில் மேலே பெண் தலைமை வந்தது. கீழே தன்னாட்சி பகிரப்பட்டது. ஆகவே 'பெண்கள் கல்லூரி' என்பது மாணவர் சேர்க்கையை மட்டும் குறிப்பதா, அதிகாரத்தின் இருப்பிடத்தையும் குறிப்பதா என்ற வினா எழுகிறது. இரண்டாம் பொருளைக் கொள்வோமாயின் வாசர் 1969க்கு முன் முழுமையான பெண்கள் கல்லூரியாக இருந்ததும் இல்லை. அதற்குப் பின் பெண்கள் கல்லூரித் தன்மையை முற்றாக இழந்ததும் இல்லை.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. பெண்கள் கல்லூரி மரபுகள் ஒருதன்மையன அல்ல. பருவம், தோற்றம், காவல், தன்னாட்சி என அவை குறிக்கும் பொருளே இருபாலர் கல்விச் சூழலில் அவற்றின் நிலைபேற்றை முடிவு செய்தது.

2. பருவம் சார்ந்தவை எளிதில் தொடர்ந்தன; தோற்றம் சார்ந்தவை பொருள் திரிந்து தொடர்ந்தன; காவல் சார்ந்தவை மறைந்தன; தன்னாட்சி சார்ந்தவை வடிவம் குன்றாமல் பயனில் மாறுதலுற்றன.

3. இற்செறிப்பின் நீக்கம் முழுமையானது, மீளாதது, வரவேற்கத்தக்கது. ஆயத்தின் தொடர்ச்சியோ தானே நிகழ்வதன்று. தலைமையில் பெண்கள், விரும்புவோர்க்குத் தனி உறைவிடம் போன்ற ஏற்பாடுகளால் அது காக்கப்பட வேண்டியதாகிறது.

4. மரபைக் காத்தல் என்பது விழாவின் வடிவத்தைக் காத்தல் ஆகாது. ஒரு மரபு யாருக்கு எந்த வாய்ப்பைத் தந்தது என்பதை அறிந்து அவ்வாய்ப்பைக் காத்தலே ஆகும்.

மகளிர் கல்லூரிகளை இருபாலர் கல்லூரிகளாக மாற்றுவது பற்றிப் பேசப்படும் இடங்களில் சேர்க்கை எண்ணிக்கையும் நிதிநிலையும் கருதப்படும் அளவுக்கு, அவற்றின் மன்றங்களிலும் மேடைகளிலும் ஆடுகளங்களிலும் பெண்கள் பெற்றுவந்த பயிற்சி கருதப்படுவதில்லை. டெய்சி மலர்ச்சரத்தை அடுத்த ஆண்டும் தொடுக்கலாம். அதை ஏந்துவோருள் யார் சங்கத்துக்குத் தலைமை ஏற்கிறார், யார் இதழைத் தொகுக்கிறார், யார் மேடையின் நடுவில் நிற்கிறார் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கும் ஆய்வுகள் தமிழகத்து மகளிர் கல்லூரிகளை முன்வைத்தும் மேற்கொள்ளப்பட வேண்டும்.